மட்காத உரத்தை விற்றுவிட்டு, மருந்தும் விற்றவர்

வீட்டிலேயே மண்கலவை தயாரித்துத் தொட்டிகளில் காய்கறி வளர்ப்பவர்கள், உரம் வாங்கிய இடத்திலேயே செடிகளுக்கு வைத்தியமும் கேட்பதற்கு முன் இதைப் படித்துவிடுவது நல்லது. தோட்டப் பொருள்கள் விற்கும் ஒருவரிடம், நன்றாக மட்கியது என்று அவர் உறுதி சொன்ன தொழு உரத்தையும், கழுவியது என்று உறையில் அச்சிட்டிருந்த கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கட்டிகளையும் வாங்கி, தோட்டத்து மண்ணோடு சம பங்காகக் கலந்து தக்காளி, கத்தரி, அவரை ஆகியவற்றை வைத்தேன். அவரை விதைகளில் பெரும்பாலானவை முளைக்கவேயில்லை. தக்காளியின் அடி இலைகள் நரம்போடு சேர்த்து ஒரே சீராக மஞ்சளாயின; கத்தரி இலைகளின் ஓரங்கள் தீய்ந்து பழுப்பேறி, விரல் பட்டாலே உதிர்ந்தன.

படங்களை அனுப்பிக் கேட்டபோது, "மண்ணில் சத்துப் போதவில்லை, மக்னீசியம் குறைகிறது" என்று எப்சம் உப்பை விற்றார். அது பலிக்கவில்லை என்றதும் நுண்ணூட்டக் கலவை வந்தது. அதற்கும் செடி தேறாதபோது வேர் வளர்ச்சிக்கென்று பெயர் ஒட்டிய ஒரு திரவம் வந்தது. தான் விற்ற உரத்தில் பிழை இருக்கக்கூடும் என்ற பேச்சை மட்டும் அவர் ஒருமுறைகூட எடுக்கவில்லை.

மக்னீசியம் குறைந்தால் முதிர்ந்த இலைகளில் நரம்புகள் பச்சையாகவே நிற்க, அவற்றின் இடைப்பகுதி மட்டும் வெளிறும். இதே அடையாளம் இளம் இலைகளில் தென்பட்டால் இரும்புச்சத்தைச் சந்தேகிக்கலாம். முதிர்ந்த இலை முழுவதும் ஒன்றாக மஞ்சளாவது பெரும்பாலும் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், கிடைக்காததன் அறிகுறி. செடிகளை வைத்தே பிழைப்பு நடத்துபவருக்கு இந்த வேறுபாடு தெரியாது என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

மூன்றில் ஒரு பங்கு உரமாக இருக்கும் கலவையில் தழைச்சத்து எப்படிக் குறையும் என்ற கேள்விக்கு, பிரிக்காமல் வைத்திருந்த இன்னொரு மூட்டையே பதில் சொன்னது. மேல்பகுதி கறுத்துப் பொலபொலவென்றுதான் இருந்தது. ஆனால் கையை உள்ளே விட்டபோது வெதுவெதுப்பாக இருந்ததோடு, அள்ளிய பிடியில் நிறம் மாறாத வைக்கோல் துண்டுகளும் மரத்தூளும் வந்தன, அம்மோனியா நெடி மூக்கில் ஏறியது. மரத்தூளில் நைட்ரஜனைவிடக் கரிமம் பல நூறு மடங்கு அதிகம். இந்த விகிதம் ஏறத்தாழ 30-ஐத் தாண்டிய பொருளை மண்ணில் சேர்த்தால், அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய நைட்ரஜனை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ள, செடி பட்டினி கிடக்கும். அந்த அம்மோனியாவே முளைவிடும் விதைகளுக்கும் இளவேர்களுக்கும் நஞ்சாகும்.

கத்தரியின் கருகலுக்குக் காரணம் வேறு. தேங்காய் நாரில் இயல்பாகவே சோடியமும் பொட்டாசியமும் மிகுதியாக உண்டு என்பதால், நல்ல நீரில் பலமுறை அலசாத கோகோபீட் வேரை உப்பில் ஊறவைப்பதற்குச் சமம். நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறனே ஈசி; அது குறைவு என்று சொல்லி விற்கப்படுபவை வழக்கமாகச் சென்டிமீட்டருக்கு 0.5 மில்லிசீமன்ஸுக்குள் இருக்கும். நான் ஊறவைத்துப் பிழிந்த நீர், மீட்டரில் 3-க்கு மேல் காட்டியது. ஏற்கெனவே உப்பேறிய மண்ணில்தான் அவர் எப்சம் உப்பையும் நுண்ணூட்டத்தையும் அடுத்தடுத்துக் கொட்டச் சொல்லியிருக்கிறார்! தொட்டிகளின் விளிம்பில் படிந்திருந்த வெள்ளைப் பொருக்கு அவற்றால்தான் மேலும் தடித்தது.

மருந்துகளை நிறுத்திவிட்டு, தொட்டியின் கொள்ளளவைப்போல் இரண்டு மடங்கு நீரை மெதுவாக ஊற்றி அடித்துளை வழியே வடியவிட்டு, அதன்பின் தழைச்சத்தை மிக நீர்க்கக் கொடுத்ததில் தக்காளி தேறியது. கத்தரியில் கருகிய இலைகள் மீளவில்லை, புதுத் தளிர்கள் மட்டும் நன்றாக வந்தன. மீந்த உரத்தை ஈரம் குறையாமல் குவித்து, அவ்வப்போது கிளறி, மட்கவிட்டிருக்கிறேன்.

தொழு உரம் வாங்குபவர்கள், மூட்டையின் நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்து, நனைத்து, காற்றுப் புகாத உறையில் மூன்று நாள் கட்டி வைத்துத் திறந்து பாருங்கள். மண்வாசனை வந்தால் பயன்படுத்தலாம்; அம்மோனியா நெடியோ அழுகல் நாற்றமோ வந்தால் அது இன்னும் மட்கவில்லை. கலவை தயாரானதும் அதில் சில முள்ளங்கி விதைகளையும், பழகிய மண்ணில் அதே அளவு விதைகளையும் போட்டு முளைப்பை ஒப்பிடுவது இன்னும் உறுதியானது.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "வீட்டில் நீங்கள் கலந்த மண்ணுக்கு நாங்கள் எப்படிப் பொறுப்பாக முடியும்?" என்றார். கலந்தபின் எது கெடுத்தது என்று காட்ட முடியாது என்பதே இத்தகையவர்களுக்குப் பாதுகாப்பு. பிரிக்காத மூட்டையின் படத்தையும் மீட்டர் அளவையும் முன்வைத்த பிறகே பாதித் தொகையைத் தந்தார். மருந்துகளுக்குக் கொடுத்தது திரும்பவில்லை. ஆகவே ஒவ்வொரு பொருளிலும் கலக்காத மாதிரி கொஞ்சம் எடுத்து, அதன் உறையோடும் ரசீதோடும் தனியே வைத்துவிட்டுக் கலவையில் கை வையுங்கள்.