11,800 ரூபாய்க்கு 6 யூனிட்: ஹைவே சார்ஜிங் பிளான் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

இன்று காலை ஒரு குறுஞ்செய்தி வந்தது. "அன்புள்ள வாடிக்கையாளரே, தங்கள் ஹைவே பிளான் காலாவதியாகிவிட்டது. பயன்படுத்தாத 794 யூனிட்கள் ரத்து செய்யப்பட்டன. 20 சதவீதத் தள்ளுபடியுடன் இன்றே புதுப்பித்துக்கொள்ளுங்கள்." கையில் இருந்த காபியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு தடவை படித்தேன். மின்சாரக் காருக்கு வழியில் சார்ஜ் போட 800 யூனிட்டுக்குக் காசு கட்டினேன், ஒரு வருடத்தில் 6 யூனிட் கொடுத்தார்கள், மீதியை அவர்களே ரத்து செய்துவிட்டு, புதுப்பிக்கத் தள்ளுபடி வேறு தருகிறார்களாம். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் நானும் எல்லோரையும் போல "போனால் போகிறது" என்று விட்டுவிடுவேன், அதை நம்பித்தானே இவர்கள் கடை நடத்துகிறார்கள்.

பெயர் போடவில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக இருக்கிறேன், அதுவரை பெயரை எங்கேயும் எழுதாதே என்று வக்கீல் நண்பர் சொல்லியிருக்கிறார். மின்சாரக் காருக்கு ஃபாஸ்ட் சார்ஜர் வைக்கிறோம் என்று சொல்லி ஆப் வழியாக முன்பணம் வாங்கும் ஒரு கம்பெனி. இந்த அடையாளம் போதும்.

2024 விஜயதசமி அன்று வண்டி எடுத்தேன். 30 யூனிட் பேட்டரி. வீட்டில் 15 ஆம்பியர் பிளக் இருக்கிறது, ராத்திரி போட்டால் காலையில் ஃபுல். சென்னைக்குள் ஓட்ட இதைவிட நிம்மதியான வண்டி கிடையாது, இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். சிக்கல் ஊருக்குப் போகும்போதுதான். தாம்பரத்திலிருந்து திருச்சி 300 கிலோமீட்டர் சொச்சம். நாலு பேரை ஏற்றி, ஏசி போட்டு, ஹைவேயில் 90-ல் போனால் என் வண்டி 200 கிலோமீட்டர் தரும். அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. ஆக நடுவில் ஒரு தடவை சார்ஜ் போட்டே ஆகவேண்டும்.

வண்டி டெலிவரி எடுத்த இடத்திலேயே ஓரமாக ஒரு மேசை போட்டு, கம்பெனி டி-ஷர்ட்டுடன் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். இருபத்து நாலு, இருபத்தைந்து வயசு இருக்கும். "சார் திருச்சியா? எங்க அத்தை வீடு உறையூர் சார்" என்று ஆரம்பித்தான். ஆப்பைத் திறந்து மேப்பைக் காட்டினான். தாம்பரத்திலிருந்து மதுரை வரைக்கும் வரிசையாகச் சாம்பல் நிறப் புள்ளிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் "விரைவில்". "பொங்கலுக்குள்ள அத்தனையும் பச்சையாயிடும் சார். மின்சார வண்டிக்காக இப்பதான் மத்திய அரசு பிஎம் இ-டிரைவ் திட்டம் ஆரம்பிச்சிருக்காங்க, சார்ஜருக்கு மட்டும் 2,000 கோடி ஒதுக்கியிருக்காங்க." அது உண்மைதான், நானும் பேப்பரில் படித்திருந்தேன். வெளியே யூனிட் 20 ரூபாய்க்கு மேல் ஆகும், இவர்களிடம் முன்கூட்டியே கட்டினால் 12 ரூபாய் 50 காசு. 800 யூனிட்டுக்கு 10,000, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 1,800, மொத்தம் 11,800. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். நான் ஒன்றும் பார்த்தவுடன் காசை நீட்டுகிற ஆள் இல்லை.

என்னைக் கவிழ்த்தது அடுத்து நடந்ததுதான். தீபாவளிக்கு மச்சான் காரில் திருச்சி போனோம். பெட்ரோல் கார். உளுந்தூர்பேட்டை தாண்டி டீ குடிக்க ஒரு ஓட்டலில் நிறுத்தினால், அந்த மேப்பில் இருந்த புள்ளிகளில் ஒன்று அங்கே நிற்கிறது! புத்தம்புதுக் கூரை, தரையில் பச்சை பெயின்ட் அடித்து இரண்டு வண்டிக்கு இடம், நடுவில் ஆள் உயரத்துக்கு மெஷின், முழுக்க பிளாஸ்டிக் சுற்றியிருந்தது. நான் போய் அந்தப் பிளாஸ்டிக்கைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் வண்டியில் செருகுகிற சார்ஜிங் கன் தொங்குகிறது, ஸ்கிரீனில் ஒட்டியிருந்த மெல்லிய தாள்கூட உரிக்கவில்லை. மச்சானைக் கூப்பிட்டுக் காட்டி, பக்கத்தில் நின்று படம் வேறு எடுத்துக்கொண்டேன். மறுநாளே யுபிஐயில் 11,800 ரூபாய் அனுப்பிவிட்டேன். மெஷினைப் பார்த்தவன், அந்த மெஷினுக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் குனிந்து பார்க்கவில்லை.

பொங்கல் வந்தது. புள்ளி சாம்பல். கஸ்டமர் கேருக்குப் போன் போட்டால் "ஈபி இணைப்பு நிலுவையில் உள்ளது சார், இருபது நாளில் முடிந்துவிடும்". சித்திரையில் கேட்டேன், அதே இருபது நாள். ஒவ்வொரு தடவையும் வேறு ஆள், வேறு புகார் எண். முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். ஏழு புகார் எண் என் டைரியில் இருக்கிறது.

மே மாதம், பிள்ளைகளுக்கு லீவு. கிளம்புவதற்கு முதல்நாள் ஆப்பைப் பார்த்தால் உளுந்தூர்பேட்டைப் புள்ளி பச்சை! எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்கிறீர்கள். காலையில் ஃபுல் சார்ஜோடு கிளம்பினோம். விழுப்புரம் பக்கம் வரும்போது 34 சதவீதம் இருந்தது. அங்கே வேறொரு கம்பெனியின் சார்ஜர் ஓடிக்கொண்டிருந்தது, ஒரு வண்டி போட்டு நின்றதைக் கண்ணால் பார்த்தோம். "என்னங்க, இங்கேயே போட்டுக்கலாமே" என்றாள் மனைவி. "11,800 கட்டிவிட்டு இங்கே எதற்கு இன்னொரு காசு?" என்றேன். இந்த வாக்கியத்தை அவள் இன்றுவரை மறக்கவில்லை, மறக்கவும் விடமாட்டாள்.

11 சதவீதத்தோடு போய் நின்றோம். அதே மெஷின், அதே பிளாஸ்டிக், ஒரு பக்கம் மட்டும் கிழிந்து காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. நிழலில் ஒரு நாய் படுத்திருந்தது. பச்சை பெயின்ட் அடித்த இடத்தில் கரும்புச்சாறு வண்டியை நிறுத்தி வைத்திருந்தார்கள். டீ மாஸ்டர் என்னைப் பார்த்ததுமே, "அது ஓடலைங்க சார். மாசத்துக்கு ரெண்டு பேர் இப்படித்தான் வந்து நிக்கிறாங்க" என்றார். அங்கேயே நின்று கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். ஆப்பில் பச்சையாக இருக்கிறதே என்றால் அந்தப் பெண் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: "மெஷின் நிறுவப்பட்டுவிட்டதால் பச்சை காட்டும் சார், இயங்குகிறது என்று அர்த்தம் இல்லை."

ஓட்டல்காரர் நல்ல மனுஷர். மாவு அரைக்கிற கிரைண்டருக்குப் போட்டிருந்த 15 ஆம்பியர் பிளக்கைக் கழற்றிக் கொடுத்தார். அதில் மணிக்கு 3 யூனிட் ஏறினால் அதிகம். பெரம்பலூர் பக்கம் இருக்கும் அடுத்த சார்ஜருக்குப் போய்ச் சேரும் அளவுக்கு ஏற்றவே மூன்றரை மணி நேரம் ஆனது. மே மாத வெயில், சமையல்கட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு மாமியார். "பரவாயில்லை மாப்பிள்ளை, ஒண்ணும் அவசரமில்லை" என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு அழுகையே வந்தது.

அந்த மூன்றரை மணி நேரத்தில் ஓட்டல்காரர் எல்லாம் சொல்லிவிட்டார். அவரும் ஏமாந்தவர்தான், வருமானத்தில் பங்கு என்று சொல்லி இடத்தை வாங்கியிருக்கிறார்கள். ஒரு 60 கிலோவாட் சார்ஜர் என்பது ஒன்றரை டன் ஏசி நாற்பதை ஒரே நேரத்தில் ஓட்டுகிற மாதிரி. தெருவில் போகும் லைனிலிருந்து இழுத்துவிட முடியாது, தனி டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், அதற்கு எஸ்டிமேட் போட்டுப் பணம் கட்ட வேண்டும். ஈபியில் எஸ்டிமேட் கொடுத்து எட்டு மாதம் ஆகிவிட்டது. அந்தக் காகிதத்தைப் போனில் காட்டினார். இவர்கள் பணம் கட்டவே இல்லை. "ஈபியில் நிலுவை" என்று எனக்குச் சொன்னார்களே, அந்த நிலுவையே இவர்கள் பாக்கிதான்.

சார்ஜர் வரத் தாமதமாகும் என்பது யாருக்கும் புதிதில்லை. 2023 மார்ச்சில் மூன்று எண்ணெய் நிறுவனங்களுக்கு 800 கோடி, 7,432 ஃபாஸ்ட் சார்ஜிங் நிலையம் என்று அறிவித்தார்கள். பையன் சொன்ன 2,000 கோடித் திட்டத்துக்கு விதிமுறை வெளிவந்ததே 2025 செப்டம்பரில்தான். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டுதான் நாங்கள் இந்த வண்டி ஓட்டுகிறோம். ஆனால் கரண்ட் வராது என்று தெரிந்தே மெஷினை மட்டும் கொண்டுவந்து நிறுத்தி, அதைக் காட்டி, ஒரு வருட வேலிடிட்டி போட்டு 11,800 வாங்குவதற்கு என்ன பெயர்?

ஜூனில் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். முதல் பதில், ஜிஎஸ்டி 1,800 அரசுக்குக் கட்டியாகிவிட்டது, வராது. சரி, 10,000 கொடுங்கள் என்றால், அது வாலட் பணம், எங்கள் நிலையங்களில் மட்டுமே செல்லும். உங்கள் நிலையம் எங்கே இருக்கிறது என்றால், நகரில் ஒரு மால் அடித்தளத்தில். அங்கே டிசம்பரில் ஒரு தடவை போய்ப் பார்த்திருக்கிறேன். 6 யூனிட் ஏறியதும் மெஷின் டிரிப் ஆகிவிட்டது, பார்க்கிங்குக்கு 80 ரூபாய் அழுதுவிட்டு வந்தேன். அந்த 6 யூனிட்டையே பிடித்துக்கொண்டார்கள்: "தாங்கள் சேவையைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டதால் பணத்தைத் திருப்பித்தர இயலாது." கணக்குப் போட்டால் யூனிட் 1,966 ரூபாய். டீசல் ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்துக் கூடவே இழுத்துக்கொண்டு போயிருக்கலாம்.

வண்டி வாங்கிய இடத்தில் கேட்டால், "அது வேற கம்பெனி சார், நாங்க மேசை போட இடம்தான் கொடுத்தோம்." அந்தப் பையனுக்குப் போட்டேன். எடுத்தான். "சார், நான் வேலைய விட்டுட்டேன். எனக்கே ரெண்டு மாச சம்பளம் பாக்கி சார்." அவனைத் திட்ட மனசு வரவில்லை.

இதில் மாட்டாமல் இருக்க என்னவெல்லாம் பார்க்கவேண்டும் என்று விவரமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "விரைவில்" என்று போட்ட புள்ளிக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். பச்சையை நம்பாதீர்கள், கடைசியாக யார் எப்போது சார்ஜ் போட்டார்கள் என்று பாருங்கள், கிளம்பும் முன் அந்த ஓட்டலுக்கே போன் போட்டு மெஷின் ஓடுகிறதா என்று கேட்டுவிடுங்கள். வாலட்டில் அன்றைக்குத் தேவையான இருநூறு முந்நூறுக்கு மேல் போடாதீர்கள். பெரிய தொகை கட்டியே ஆகவேண்டும் என்றால் கிரெடிட் கார்டில் கட்டுங்கள், வங்கியில் தகராறாவது செய்யலாம். யுபிஐயில் போனதைத் திரும்ப வாங்குவது கஷ்டம். ஓடுகிற சார்ஜர் கண்ணில் பட்டால் அங்கேயே போட்டுக்கொள்ளுங்கள், மனைவி சொன்னால் நிச்சயமாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டுப் புகார் பதிந்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரைக்கும் உள்ள வழக்குக்குக் கட்டணம் இல்லை, திங்கட்கிழமை அந்த வேலை. இதே மாதிரி பிளான் வாங்கியவர்கள் உடனே ரசீதையும் விதிமுறையையும் எடுத்து, வேலிடிட்டி எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்று பாருங்கள். முதல் நிலையம் திறந்த நாளிலிருந்து என்று அந்தப் பையன் வாயால் சொன்னான், நம்பினேன். பணம் கட்டிய நாளிலிருந்து என்று ஏழாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது.