தீபாவளிக்குப் போர்ச் அலங்காரம் செய்யக் கொடுப்பவர்கள் கவனத்திற்கு

கோலாலம்பூர் செந்தூலில் எங்களுடையது டெரஸ் வீடு. தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்காகக் கார் போர்ச்சில் பாதி இடத்துக்கு மரத்தரை, ஓரத்தில் செயற்கைப் புல், மேலே தொங்கும் விளக்குகள். கேட்டது அவ்வளவுதான். முகநூலில் ஆள் பிடிக்கும் ஒருவர் 4,800 வெள்ளி (ரிங்கிட்) சொன்னார், பாதி முன்பணம். செங்கால் (chengal) என்னும் உறுதியான மரத்தில் பலகை, மழை தாங்கும் விளக்கு என்று வாய் நிறையச் சொன்னவர், ரசீதில் ‘டெக்கோ வேலை’ என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தார். கேட்டால், “எல்லாம் வாட்ஸ்அப்ல பேசிட்டோமே அக்கா” என்றார்.

பண்டிகைக்கு முதல் நாள் வந்து, சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டுப் போனார். இரவில் விளக்கைப் போட்டால் அழகுதான், பொய் சொல்லக் கூடாது.

மறுநாள் விருந்தாளிகள் தட்டோடு உட்கார்ந்திருக்கும்போது மழை பிடித்தது. இந்த மாதங்களில் கோலாலம்பூரில் மாலை மழை வராமல் இருந்தால்தான் அதிசயம். போர்ச் தண்ணீர் லொங்காங்குக்கு (வடிகாலுக்கு) போகும் வாயின் மேலேயே பலகையைப் போட்டு அடைத்திருக்கிறார். புல் ஊறி, தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. மெயின் சுவிட்ச் விழுந்து வீடே இருட்டு. புல்லைத் தூக்கிப் பார்த்தால், விளக்கின் அடாப்டர் கறுப்புக் குப்பைப் பையில் டேப் சுற்றியபடி தண்ணீரில் கிடக்கிறது. மலேசியத் தரச் சான்றான சிரிம் முத்திரை இல்லை, தண்ணீர் புகாமல் எவ்வளவு தாங்கும் என்று காட்டும் ஐபி எண்ணும் இல்லை. சாரல் படும் இடத்துக்கே ஐபி44 வேண்டும்; நேரே மழை விழும் இடத்துக்கு ஐபி65 வாங்குங்கள். பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடிய இடம் அது. மெயின் சுவிட்ச் விழுந்ததே புண்ணியம்.

சில நாள் கழித்து என் தம்பி ஒரு பலகையை நெம்பிப் புரட்டினான். செங்காலாவது மண்ணாவது! அடிப்பக்கத்தில் கோதுமைக் கதிர்ச் சின்னமும் ‘எம்பி’ என்ற எழுத்தும் சூடு போட்டிருந்தன. சரக்கு ஏற்றும் பேலட்டை உடைத்து, மேலே மட்டும் பழுப்புச் சாயம் பூசியிருக்கிறார். எம்பி என்றால், பூச்சியைக் கொல்ல மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவால் புகையூட்டிய மரம். அதற்கடியில் தேங்கிய தண்ணீரில் கொசுப்புழு. டிங்கிக் காய்ச்சல் கொசுவைத் தேடி அதிகாரிகள் சோதனைக்கு வந்தால் அபராதம் அவருக்கா வரும்?

“மழைக்கு நான் பொறுப்பா அக்கா?” என்று ஒரு பதில். அதோடு சரி. ஆனால் எங்கள் போர்ச் படத்தை மட்டும் தன் பக்கத்தில் போட்டு, கிறிஸ்துமஸ் தள்ளுபடி என்கிறார். அதைப் பார்த்து யாரும் முன்பணம் கட்டிவிடாதீர்கள்.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு போட்டிருக்கிறோம். கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கோரலாம். செங்கால் என்று அவர் சொன்ன குரல் செய்தியை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டில் வேலை நடந்தால் மரத்தின் பெயர், பலகையின் கனம், விளக்கின் ஐபி எண் மூன்றையும் ரசீதில் எழுத வையுங்கள். மீதிப் பணத்தைக் கொடுக்கும் முன் விளக்கை அணைத்துவிட்டு, அவர் கண் முன்னாலேயே பலகை மேல் நாலு வாளி தண்ணீரை ஊற்றி, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள்.