ஏழு வருட ஆர்.ஓ.: தண்ணீர் அருமை, அந்த வெள்ளை ட்யூபை நினைத்தால்தான் மனசு ஆறவில்லை

போன வாரம் எங்கள் ஆர்.ஓ. குடிநீர் சுத்திகரிப்பு மெஷினுக்கு சோலனாய்டு வால்வு (உள்ளே வரும் தண்ணீரைத் திறந்து மூடும் மின் வால்வு) மாற்றினோம், 450 ரூபாய். மறுநாளே கல்லூரித் தோழன் போன் பண்ணி, "உன் வீட்ல இருக்கிற மாடலையே வாங்கிடட்டுமாடா?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சென்னை மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டு போர் தண்ணீரின் டி.டி.எஸ்., அதாவது அதில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, 1,200. அதில் டீ போட்டால் மேலே படலம் கட்டும், பருப்பு எத்தனை விசில் விட்டாலும் வேகாது. 2018-இல் மெஷின் வந்த பிறகு பருப்பு மூன்று விசிலில் குழைந்தது. மீட்டர் 80 காட்டுகிறது. கேன் தண்ணீருக்காகக் காத்திருந்த காலம் போனது. உப்பைப் பிரிக்கும் வடிகட்டியான மெம்பிரேனை இரண்டே முறைதான் மாற்றியிருக்கிறோம்.

என் கோபம் எல்லாம் பின்னால் தொங்கும், கழிவு நீர் வெளியேறும் அந்த மெல்லிய வெள்ளை ட்யூப் மேல். மாட்ட வந்தவர் அதை நேராக சிங்க்கில் விட்டுவிட்டுப் போனார். அதில் எவ்வளவு போகும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. 2019 கோடையில் புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் வந்ததைச் செய்தியில் பார்த்தோம். எங்கள் போர் வற்றி, சம்ப்பில் லாரித் தண்ணீர்தான். அப்போதுதான் அம்மா ட்யூபை எடுத்து ஒரு பக்கெட்டில் விட்டார். ஐந்து லிட்டர் குடிநீர் சேர்வதற்குள் பக்கெட்டில் 15 லிட்டர் நின்றது.

நான்கு பேர் குடிக்க, சமைக்க ஒரு நாளைக்கு 20 லிட்டர். அப்படியென்றால் 60 லிட்டர் வெளியே. வருடக் கணக்குப் போட்டால் 12,000 லிட்டர் லாரி ஏறக்குறைய இரண்டு. காசு கொடுத்து லாரியை வரவழைத்து சாக்கடையில் கவிழ்த்திருக்கிறோம்.

அன்றிலிருந்து பக்கெட்தான். வீடு துடைக்க, டாய்லெட்டில் ஊற்ற, எண்ணெய்ப் பாத்திரம் ஊறவைக்க என்று ஒரு சொட்டும் வீணாவதில்லை. செடிக்கு மட்டும் வேண்டாம். போர் தண்ணீரின் உப்பெல்லாம் இதில்தான் சேர்கிறது. எங்கள் கழிவு நீர் 1,500-க்கு மேல் காட்டுகிறது. தெரியாமல் ஊற்றி, அம்மா வளர்த்த துளசி நுனியிலிருந்து கருகிப் போனது.

இப்போது வால்வு கதை. இரண்டு மாதமாகக் காலையில் எழுந்தால் பக்கெட் வழிந்து தரை ஈரமாக இருந்தது. டேங்க் நிறைந்ததும் மோட்டார் நிற்க வேண்டும், வால்வு உள்ளே வரும் தண்ணீரை அடைக்க வேண்டும். எங்கள் வால்வில் உப்புப் படிந்து முழுதாக மூடவில்லை. மெஷின் ஓடாதபோதும் மாடி டேங்க் தண்ணீர் மெம்பிரேன் வழியாக இரவெல்லாம் ட்யூபில் ஒழுகியிருக்கிறது. சர்வீசுக்கு வந்தவர் இரண்டு முறை, "வேஸ்ட் ட்யூப்ல கொஞ்சம் வரத்தான் சார் செய்யும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்றாவது முறை சுவிட்சை அணைத்து, ட்யூபை டம்ளரில் விட்டு, அரைமணி நேரம் அவரை உட்காரவைத்துக் காட்டிய பிறகுதான் வால்வைக் கழற்றினார். ஆர்.ஓ. வைத்திருப்பவர்கள் இன்று ராத்திரியே இப்படிச் செய்து பாருங்கள். சிங்க்குக்குள் ட்யூப் போகும் வீட்டில் இது கண்ணில் படவே படாது.

2019 மே மாதம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், டி.டி.எஸ். 500-க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்யச் சொன்னது. மற்ற இடங்களில் உள்ளே போகும் தண்ணீரில் 60 சதவீதமாவது குடிநீராக வர வேண்டும் என்றது. எங்கள் மெஷின் தருவது 25 சதவீதம்தான்.

ஐந்துக்கு இரண்டு மதிப்பெண்தான் கொடுப்பேன். இத்தனை வருடம் நல்ல தண்ணீர் கொடுத்த மெஷினுக்கு இது குறைவு என்று எனக்கே தெரிகிறது. ஆனாலும் அந்த ஈரத் தரையை நினைத்தால் மனசு வரவில்லை.

தோழன் இருப்பது மெட்ரோ வாட்டர் வரும் பகுதி. அங்கே டி.டி.எஸ். 500-க்குக் கீழே இருந்தால், புற ஊதா ஒளியால் கிருமியைக் கொல்லும் யு.வி. மெஷினே போதும், அதில் கழிவே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மீட்டரோடு வருகிறேன், அதுவரை யாருக்கும் அட்வான்ஸ் கொடுத்துவிடாதே என்று சொல்லியிருக்கிறேன்.