வெண்கொக்கும் கருங்கல்லும்: காவிரி டெல்டாவில் நிக்கான் டி850 கேமராவும் 200-500 லென்ஸும்

காவிரி டெல்டாவில் படம் எடுப்பவருக்கு வாய்க்கும் மிகக் கடினமான காட்சி எது என்று கேட்டால், நடவு முடிந்த வயலில் காலை பத்து மணி வெயிலில் நிற்கும் ஒரு வெண்கொக்கு என்றே சொல்வேன். சேறு கறுத்திருக்கிறது, தேங்கிய தண்ணீர் மின்னுகிறது, நாற்று இளம்பச்சையாக நிற்கிறது, இவற்றின் நடுவே இறகுகள் மட்டும் தூய வெள்ளை. வயலுக்கு ஏற்றவாறு ஒளியளவை வைத்தால் கொக்கு காகிதத்தில் வெட்டி ஒட்டியது போலத் தட்டையாகிவிடும். கொக்குக்கு ஏற்றவாறு வைத்தால் வயல் இருண்டுபோகும். நிக்கான் டி850 கேமராவையும், அதே நிறுவனத்தின் 200-500 மி.மீ. எஃப் 5.6 லென்ஸையும் மன்னார்குடியைச் சுற்றியுள்ள வயல்களிலும் ஏரிகளிலும், தஞ்சாவூர்க் கோயில்களிலும், கோடியக்கரையிலும் பல சம்பாப் பருவங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். இந்த இணையைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பதெல்லாம் பெரும்பாலும் அந்தக் கொக்கைச் சுற்றியே அமைகிறது.

டி850 2017 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. பழைய 35 மி.மீ. பிலிமின் அளவே கொண்ட சென்சார், 45.7 மெகாபிக்சல், ஒளியுணர்வைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. எண்ணின் அடிப்படை அளவு 64. வாங்க நினைப்பவர்கள் இரண்டாவது எண்ணில் நின்றுவிட்டு மூன்றாவதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பெரும்பாலான கேமராக்களில் அடிப்படை ஐ.எஸ்.ஓ. 100-இல் தொடங்குகிறது. 64-இல் எடுக்கும்போது ஒவ்வொரு பிக்சலும் நிறைவதற்கு முன் கூடுதல் ஒளியை ஏற்றுக்கொள்கிறது. அதனால் மிக வெளிச்சமான இடத்துக்கும் மிக இருண்ட இடத்துக்கும் நடுவே பதிவாகும் எல்லை விரிகிறது. ஐ.எஸ்.ஓ.வை இரட்டிப்பாக்கும் ஒவ்வொரு முறையும் அந்த எல்லையில் ஏறக்குறைய ஒரு ஸ்டாப் (ஒளி இரட்டிப்பாகும் அல்லது பாதியாகும் ஒரு படி) கரைந்துவிடும். நம் ஊர் வெயிலில் நிற்கும் கொக்குக்கு, எஃப் 5.6 துளையில் (எண் சிறிதானால் ஒளி நுழையும் துளை பெரிது) ஐ.எஸ்.ஓ. 64-இலேயே வினாடியில் 500-இல் ஒரு பங்கு ஷட்டர் வேகம் கிடைத்துவிடுகிறது. பறக்கும் கொக்குக்கு 2000-இல் ஒரு பங்கு வேண்டும் என்பதால் ஐ.எஸ்.ஓ. 250 அல்லது 320 வரை போக வேண்டியிருக்கிறது. அப்போதும் எல்லை போதுமான அளவுக்கு மிஞ்சுகிறது.

இந்த எல்லையை முழுமையாகப் பயன்படுத்த உதவுவது, ஒளி அளக்கும் முறைகளில் நட்சத்திரக் குறியுடன் இருக்கும் ஹைலைட்-வெயிட்டட் மீட்டரிங். சட்டத்தின் மிக வெளிச்சமான பகுதி வெளுத்துப்போகாமல் இருப்பதையே அது முதற்கடமையாகக் கொள்கிறது. அதில் எடுத்த படம் கேமராவின் திரையில் இருட்டாகவே தெரியும், புதிதாகப் பார்ப்பவர் படம் கெட்டுவிட்டது என்றுதான் நினைப்பார். கேமரா மெருகேற்றாத மூலப்பதிவான ரா கோப்பாக எடுத்திருந்தால், கணினியில் நிழற்பகுதிகளை இரண்டு மூன்று ஸ்டாப் உயர்த்தும்போது சேற்றின் ஈரமும் நாற்றின் பச்சையும் புள்ளியோ நிறக்கறையோ இல்லாமல் மேலே வருகின்றன, கொக்கின் தோளிலிருந்து தொங்கும் மெல்லிய இழையிறகுகளும் அப்படியே நிற்கின்றன. சேற்றுழவு நடக்கும்போது டிராக்டரின் பின்னால் கூட்டமாக இறங்கும் கொக்குகளை இந்த முறையில் எடுத்துவிட்டு, வேறு முறையில் எடுத்த பழைய படங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. இதே வேலையை ஐ.எஸ்.ஓ. 1600-இல் செய்ய முயன்றால் நிழற்பகுதி அவ்வளவு தாங்காது. ஆகவே இது வெயிலில் கிடைக்கும் வரம், மாலை மங்கலில் கிடைப்பதன்று.

லென்ஸுக்கு வருகிறேன். 2015-இல் வெளிவந்த இந்த 200-500, ஜூமின் எல்லா நிலைகளிலும் எஃப் 5.6 துளையை மாறாமல் தருகிறது. தஞ்சாவூர்-மன்னார்குடி சாலையில் உள்ள வடுவூர் ஏரிக்கு, மேட்டூர்த் தண்ணீரும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து நிரப்பியபின், நத்தைகுத்தி நாரைகளும் கரண்டிவாயன்களும் அரிவாள் மூக்கன்களும் வருகின்றன. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்த ஏரி அது. கரையிலிருந்து மரங்கள் தள்ளியே நிற்பதால் 500 மி.மீ. கூடச் சில நேரம் எட்டாது. அப்போது கேமராவை, சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்தும் டி.எக்ஸ். சட்டத்துக்கு மாற்றிக்கொள்வேன். 750 மி.மீ. லென்ஸுக்கு உரிய காட்சிக்கோணம் கிடைக்கும்; மீதமிருப்பதோ 19 மெகாபிக்சல், ஒரு செய்தித்தாளின் முழுப்பக்கத்துக்கும் அது தாராளம். முழுச்சட்டத்தில் நடுப்பகுதியிலேயே குவிந்திருக்கும் 153 ஃபோகஸ் புள்ளிகள், டி.எக்ஸ். சட்டத்தில் அகலத்தின் பெரும்பகுதியையும் நிறைத்துவிடுகின்றன. வியூஃபைண்டரில் அந்தச் சிறிய சட்டத்துக்கு வெளியே இருப்பதும் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருப்பதால், பக்கவாட்டிலிருந்து நுழையும் நாரையை அது சட்டத்துக்குள் வருமுன்பே பின்தொடரத் தொடங்கிவிடலாம். கண்ணாடி வழியே நேரே பார்க்கும் வியூஃபைண்டரின் இந்த வசதியை நான் மிகவும் மதிக்கிறேன்.

பறவைகள் அடைய வரும் அந்தி நேரத்தில் எஃப் 5.6 போதாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஐ.எஸ்.ஓ. 3200, 6400 என்று ஏற்ற நேர்கிறது. படத்தைச் சிறிதாக்கிப் பார்த்தால் நன்றாகவே இருக்கும், பெரிதாக அச்சிட்டால் சிறகின் நுணுக்கம் மழுங்கியிருப்பது தெரியும். 500 மி.மீ. எஃப் 4 லென்ஸ் இதைத் தீர்க்கும், ஆனால் அதன் விலையில் இந்த லென்ஸ் பல வாங்கலாம்.

கோடியக்கரையில் வேறொரு பாடம் கிடைத்தது. அங்கே திறந்த புல்வெளியில் வெளிமான்கள் மேய்கின்றன, சதுப்பில் பூநாரைகள் இறங்குகின்றன, எல்லாமே தொலைவில். காலை ஒன்பது மணிக்கு மேல் தரை சூடேறியதும் புல்வெளியின் மேல் கானல் அலையத் தொடங்குகிறது. அதன்பின் எந்த லென்ஸாலும் தொலைவிலுள்ள மானின் கண்ணைக் கூர்மையாகப் பதிவு செய்ய முடியாது, ஏனெனில் லென்ஸுக்கும் மானுக்கும் இடையிலுள்ள காற்றே வளைந்து நெளிகிறது. இந்த லென்ஸ் 500 மி.மீ.யில் மென்மையாக இருக்கிறது என்று குறை சொல்லும் நண்பர்களிடம், படம் எடுத்த நேரத்தையும் தொலைவையும் முதலில் கேட்பேன். விடிந்த முதல் ஒன்றரை மணி நேரத்தில், அல்லது மழை பெய்து ஓய்ந்து தரை குளிர்ந்திருக்கும்போது எடுத்த படங்களில் மானின் கண்ணிமை முடிகள் வரை எண்ணலாம். லென்ஸின் எட்டும் தூரத்தைக் கூட்டும் 1.4 மடங்கு டெலிகன்வெர்ட்டரைப் பொருத்தினால் 700 மி.மீ. எஃப் 8 ஆகும். அதில் 15 ஃபோகஸ் புள்ளிகள் மட்டுமே இயங்கும், கானலும் அதே விகிதத்தில் பெரிதாகும். நான் அதைக் கழற்றி வைத்துவிட்டேன்.

கூர்மையைப் பற்றிய இன்னொரு செய்தி. டி850 போன்ற, உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி கொண்ட எஸ்.எல்.ஆர். கேமராக்களில் ஃபோகஸ் அளக்கும் உணரி தனியாக இருப்பதால், லென்ஸுக்கும் உடலுக்கும் இடையே நுண்ணிய விலகல் இருக்கக்கூடும். பின்திரையில் பார்த்து எடுக்கும் லைவ் வியூவில் ஃபோகஸ் செய்து அந்த விலகலைத் தானே கணக்கிட்டுத் திருத்தும் வசதி டி850-இல் உண்டு. ஒரு ஜூம் லென்ஸுக்கு ஒரே ஒரு திருத்த எண்ணைத்தான் அது சேமிக்கும் என்பதால், எந்த நிலையில் அதிகம் எடுக்கிறோமோ அந்த நிலையில், வழக்கமாக எடுக்கும் தொலைவில், ட்ரைபாடில் வைத்துச் செய்ய வேண்டும். பறவைக்காக வாங்கியவர் 500 மி.மீ.யில் செய்துகொள்வது நல்லது. பலமுறை செய்து வரும் எண்களின் நடுவெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் எண் சற்று மாறும்.

பறவை லென்ஸ் என்று பெயர்பெற்ற இதைக் கோயிலுக்குள் கொண்டுபோவதைச் சிலர் வியப்போடு பார்க்கிறார்கள். ராஜராஜன் 1010-இல் நிறைவு செய்த தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் 200 அடிக்கும் மேல் உயர்ந்து நிற்கிறது. அதன் மேல்தளங்களில் உள்ள, கூடு எனப்படும் லாட வடிவ அலங்காரங்களையும் பூதகணங்களையும், சிகரத்தின் அடியில் மூலைகளில் படுத்திருக்கும் நந்திகளையும் தரையிலிருந்து சிற்பமாகப் பார்க்க வேண்டுமானால் இப்படி ஒரு லென்ஸ்தான் வேண்டும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் ட்ரைபாடுக்குத் தனி அனுமதி தேவை. ஆனால் லென்ஸின் அதிர்வு தணிப்பு மிக நன்றாக வேலை செய்கிறது. திருச்சுற்று மாளிகையின் தூணில் தோளைச் சாய்த்துக்கொண்டு, 500 மி.மீ.யில் வினாடியில் 100-இல் ஒரு பங்கு வேகத்திலும் தெளிவான படங்கள் எடுக்க முடிகிறது. வெயில் படும் கல்லுக்கும் மாடத்தின் ஆழ்நிழலுக்கும் உள்ள வேறுபாடு, வயலில் கொக்கு தரும் அதே சிக்கல்தான், ஐ.எஸ்.ஓ. 64 அதே விடையைத் தருகிறது.

கல்வெட்டுகளில்தான் 45 மெகாபிக்சலின் அருமையை உணர்ந்தேன். விமானத்தின் அடித்தளம் முழுவதும் எழுத்து. அருகில் நின்று அகலக்கோண லென்ஸில் எடுத்தால் ஓரத்து எழுத்துகள் இழுபட்டுப்போகும். ஆறு மீட்டர் தள்ளி நின்று 200 மி.மீ.யில் எடுத்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலமுள்ள கல் சட்டத்தில் அமைகிறது, கோணல் இல்லை, ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஏழு பிக்சலுக்கு மேல் கிடைக்கிறது. காலையிலோ மாலையிலோ பக்கவாட்டு வெயில் கல்லை உரசிக்கொண்டு விழும் நேரத்தில் எடுத்து, கல்வெட்டு படிக்கத் தெரிந்த நண்பரிடம் அனுப்பினால், தேய்ந்த எழுத்துகளையும் அவர் கணினியில் பெரிதாக்கிப் படித்துவிடுகிறார். தாராசுரம் கோயிலின் சிறுசிறு சிற்பங்களுக்கும், லென்ஸ் 2.2 மீட்டர் வரை அருகில் ஃபோகஸ் செய்வதால், இதுவே போதுமாக இருக்கிறது.

எடை உண்மையில் ஒரு சுமை. கேமரா ஒரு கிலோ, லென்ஸ் 2.3 கிலோ. மோனோபாட் என்னும் ஒற்றைக்கால் தாங்கி இல்லாமல் வரப்பில் நெடுநேரம் நிற்க முடியாது. தூக்கும்போது கேமராவைப் பிடிக்காமல் லென்ஸின் அடியிலுள்ள தாங்குகாலைப் பிடித்துத் தூக்க வேண்டும், தோள்வாரையும் அங்கேயே மாட்ட வேண்டும். மொத்தப் பளுவும் கேமராவில் லென்ஸ் பொருந்தும் வளையத்தில் தொங்கக் கூடாது. ஜூம் வளையத்தை 200-இலிருந்து 500-க்கு ஒரே திருப்பில் கொண்டுபோக முடியாது என்பதும் பழகிக்கொள்ள வேண்டிய ஒன்று.

டெல்டாவில் இந்தக் கருவிகளுக்கு உண்மையான பகை ஈரம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வீட்டுக்குள்ளேயே சுவர் வியர்க்கிறது. காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் லென்ஸின் உள்கண்ணாடியில் பூஞ்சை வேர்விடத் தொடங்கும்; முற்றிவிட்டால் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். தோல் பைக்குள் வைத்துப் பீரோவில் பூட்டுவது பூஞ்சைக்கு நாமே இடம் கட்டிக் கொடுப்பதாகும். மின்சார உலர்பெட்டியை 45 விழுக்காட்டில் வைத்திருக்கிறேன். அதற்கு வசதி இல்லாதவர்கள், ரப்பர் விளிம்புள்ள காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பாவில் நீல நிறச் சிலிக்கா ஜெல்லையும் சிறிய ஈரப்பத மானியையும் வைத்தால் போதும். ஜெல் இளஞ்சிவப்பாக மாறியதும் சூடாக்கி உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். அரிசியில் புதைத்து வைக்கச் சொல்லும் ஆலோசனையை ஏற்காதீர்கள். அரிசித் தவிடு ஜூம் குழலின் இடுக்குகளில் போய் அடைந்துகொள்ளும்.

இந்த லென்ஸ் ஜூம் செய்யும்போது நீள்கிறது. நீளும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. அறுவடை இயந்திரத்தின் அருகே பறக்கும் பதர்த்தூசியிலும், வேதாரண்யம் உப்பளக் காற்றிலும் இதை நினைவில் வைக்க வேண்டும். அத்தகைய இடங்களில் ஒரே குவியத்தூரத்தில் நிறுத்தி எடுக்கிறேன், லென்ஸை மாற்றுவதே இல்லை. வீடு திரும்பியதும், நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் வெளிப்பகுதியைத் துடைத்து உப்பை எடுத்துவிட்டு, உலர்ந்த துணியால் மீண்டும் துடைத்தபின்தான் பெட்டிக்குள் வைக்கிறேன். குளிரூட்டிய காரிலிருந்து இறங்கும்போது பையை உடனே திறக்கக் கூடாது. உள்ளிருக்கும் கருவி வெளிச்சூட்டுக்கு வரும்வரை மூடியே வைத்திருந்தால் கண்ணாடியில் நீர்த்திவலை படியாது.

பேட்டரி பற்றிக் கவலையே இல்லை, ஒரு முழுநாள் தாராளமாக வரும். இழப்பில்லாமல் சுருக்கிய 14 பிட் ரா கோப்பு ஒன்று 50 எம்.பி. அளவுக்கு வருவதால் வன்தட்டுச் செலவு தொடர்ந்து இருக்கும். படங்களைச் சேமிக்கும் எக்ஸ்.க்யூ.டி. கார்டு நம் ஊர்க் கடைகளில் எளிதாகக் கிடைப்பதில்லை. ஆனால் 2020 இறுதியில் வந்த ஃபர்ம்வேருக்கு (கேமராவின் உள்மென்பொருள்) பின் அதே துளையில் சி.எஃப். எக்ஸ்பிரஸ் கார்டும் வேலை செய்கிறது.

இன்று, உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் பறவையின் கண்ணைத் தாமே கண்டுபிடித்துப் பின்தொடர்கின்றன. பறக்கும் பறவைகளை மட்டுமே எடுக்க விரும்புபவர், பணமும் இருந்தால், அவற்றுக்குப் போவதே சரி. வயல், கோயில், கல்வெட்டு, நிற்கும் பறவை என்று எல்லாம் எடுப்பவருக்கு, கல்யாண ஸ்டுடியோக்கள் மிரர்லெஸ்ஸுக்கு மாறும்போது விற்கும் டி850 இப்போது நல்ல வாய்ப்பு. வாங்குமுன் ஒரு படம் எடுத்து, அதன் கோப்பிலிருந்து ஷட்டர் எண்ணிக்கையைப் பாருங்கள். இந்த ஷட்டர் 2 லட்சம் முறைக்குச் சோதிக்கப்பட்டது, ஸ்டுடியோ கேமராக்கள் அதை நெருங்கியிருக்கக்கூடும். லென்ஸை இருட்டறைக்குக் கொண்டுபோய், முன்கண்ணாடி வழியே டார்ச் அடித்து, பின்பக்கமிருந்து சாய்வாகப் பாருங்கள். தூசி இருந்தால் பரவாயில்லை, சிலந்தி நூல் போன்ற பூஞ்சைக் கிளைகள் தெரிந்தால் எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம். ஜூம் வளையத்தைக் காதருகே வைத்து முழுவதும் திருப்பிக் கேளுங்கள். மணல் நெறிபடும் ஓசை வந்தால் அது கடற்கரையில் உழைத்த லென்ஸ்.