பாதி விலைக்கு வந்த கோணல் கோட்டுக் கல்

டீப்பாய்க்கு மேலே போட ஒரு கல் வேண்டும் என்று போன மாதம் செங்குன்றம் போகும் வழியில் ஒரு மார்பிள் கடைக்குப் போனேன். கடைப் பெயர் வேண்டாம், குறையும் சொல்லப்போகிறேன். இளமஞ்சள் சுண்ணாம்புக்கல் கட் பீஸ் ஒன்று, இரண்டடிக்கு மூன்றடி, சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். "அது வேணாம் சார், கோடெல்லாம் கோணலா இருக்கு, யாரும் எடுக்க மாட்றாங்க" என்று பாதி விலைக்குத் தந்துவிட்டார்கள். எனக்கு அந்தக் கோணல்தானே வேண்டும்!

அடுக்குகளுக்குக் குறுக்கே அறுத்த கல். கீழே நேர்கோடுகள், நடுவில் நாலு விரல் அகலத்துக்கு, பால் ஆடையைக் கரண்டியால் ஒதுக்கினால் சுருண்டு மடியுமே, அந்த மாதிரி மடிப்புகள், அதற்கு மேல் மறுபடியும் நேர்கோடுகள். மடிப்புக்குள் எலுமிச்சையைக் குறுக்கே வெட்டினது போலப் பவளத் துண்டுகள். பழைய பவளத்திட்டின் ஓரச் சரிவில் சுண்ணாம்புச் சேறு இறுகுவதற்கு முன்பே, நிலநடுக்கமோ புயலோ மேலே சேர்ந்த பாரமோ தள்ளிவிட, பாளமாக வழுக்கிக்கொண்டு போயிருக்கிறது. சரிவு ஓரிரண்டு டிகிரி இருந்தாலே போதும். மலை எழும்பியபோது நெருக்கி மடித்ததாக இருந்தால் மேல் கீழ் அடுக்குகளும் சேர்ந்து வளைந்திருக்கும். இங்கே மேல் அடுக்கு மடிப்புகளின் தலையைச் சீவிவிட்டு ஒன்றும் தெரியாதது போலப் படுத்திருக்கிறது. மடிப்புகள் சாயும் பக்கம்தான் பெரும்பாலும் அன்றைய சரிவின் பள்ளம். எங்கள் வீட்டில் அது டிவி இருக்கும் பக்கம்.

ஆர்க்கியாப்டெரிக்ஸ் என்ற இறகு வைத்த ஆதிப் பறவையின் புதைபடிவம் கிடைத்த ஜெர்மனியின் சோல்ன்ஹோஃபனில், சுமார் 15 கோடி ஆண்டுக்கு முந்தைய கடற்பஞ்சுத் திட்டுகளுக்கு நடுவே படிந்த பலகைக்கற்களிலும் இது உண்டு. அங்கே அதற்குப் பெயரே 'கோணல் அடுக்கு'தான்.

சரி, குறைகள். எந்த நாட்டுக் கல் என்று கேட்டால் ஒருவர் இத்தாலி என்கிறார், இன்னொருவர் துருக்கி என்கிறார், பில்லில் வெறும் 'இம்போர்ட்டட்'. இருப்பதிலேயே நல்ல பவளத்தின் மேல் எபாக்ஸிப் பசையை அப்பி வைத்திருக்கிறார்கள். குட்டியானைக்குத் தனியாக 900 ரூபாய், இறக்கும்போது மூலை உடைந்ததற்கு "கல்லுன்னா அப்படித்தான் சார்". அப்புறம் அம்மா ரசக் கிண்ணத்தை வைத்த இடத்தில் வட்டமாகப் பளபளப்பு போய்விட்டது. சுண்ணாம்புக்கல்லுக்குப் புளி ஆகாது, சீலர் அடித்தாலும் கறையைத்தான் தடுக்கும் என்று விற்கும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஐந்துக்கு மூன்றரை, அதுவும் கல்லுக்காக. போகிறவர்கள் ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுபோய்ச் சுவரோரக் கட் பீஸ்கள்மேல் தெளித்துப் பாருங்கள், தூசி படிந்த கல்லில் மடிப்பு கண்ணுக்கே தெரியாது.