டம்ளரை மறைக்க நான்கு வழி: பிளெண்டரில் எது தேறும்?

வடபழனியில் எங்கள் சின்ன ஸ்டுடியோவுக்கு ஒரு காபித்தூள் விளம்பரம் வந்தது, பிளெண்டர் என்ற 3டி அனிமேஷன் மென்பொருளில் செய்யவேண்டியது. மேசையில் டபரா, டம்ளர். ஒரு கை வந்து டம்ளரைத் தூக்கவேண்டும். 48ஆம் ஃபிரேம் (படச்சட்டம்) வரை மேசையில் ஒரு டம்ளர், 49இலிருந்து கையோடு ஒட்டிய இன்னொரு டம்ளர். ஒரு பொருளை இன்னொன்றோடு ஒட்டி நகரவைக்கும் ‘சைல்ட் ஆஃப்’ போட்டால் ஒரே டம்ளர் போதுமே என்பீர்கள். சரிதான், ஆனால் கையில் இருக்கும் டம்ளருக்குள் காபி தளும்பவேண்டும், அதன் மாடலே வேறு.

ஒரு பொருளை மறைத்தால் அதோடு சேர்ந்து எதெல்லாம் மறைகிறது, எதெல்லாம் தங்கிவிடுகிறது என்பதை வைத்துத்தான் நான் வழியைத் தேர்ந்தெடுப்பேன்.

முதல் வழி, தெரிவதற்கே கீ போடுவது, அதாவது எந்த ஃபிரேமில் தெரியவேண்டும், எதில் கூடாது என்று பதிந்துவைப்பது. காட்சியின் பொருள்களைப் பட்டியலிடும் அவுட்லைனரில் இருக்கும் கண் சின்னத்துக்குக் கீ விழாது. நாம் வேலை செய்யும் காட்சிச் சாளரமான வியூபோர்ட்டுக்கு மானிட்டர் சின்னம், இறுதிப் படங்களை உருவாக்கும் ரெண்டருக்கு கேமரா சின்னம். மவுஸை அதன்மேல் வைத்து விசைப்பலகையில் ‘ஐ’ (I) தட்டவேண்டும். மானிட்டர் சின்னம் கண்ணில் படவில்லை என்றால் மேலே உள்ள புனல் படத்தைத் திறந்து அதை இயக்கிவிடுங்கள். எங்கள் தம்பி ஒருவன் மானிட்டருக்கு மட்டும் கீ போட்டான். வியூபோர்ட்டில் ஓட்டிப் பார்த்தோம், கச்சிதம். ராத்திரி முழுக்க ரெண்டர் ஓடியது. காலையில் பார்த்தால் கையிலும் டம்ளர், மேசையிலும் டம்ளர். “அண்ணா, ரெண்டு பேருக்கு காபி போட்டுட்டோம்” என்றான்.

அதிலிருந்து ஒரே கஸ்டம் ப்ராப்பர்ட்டியை (நாமே சேர்க்கும் மதிப்பு) வைத்து இரண்டு சின்னங்களையும் டிரைவரால், அதாவது ஒரு மதிப்பைக் கொண்டு இன்னொன்றை இயக்கும் இணைப்பால், ஓட்டுகிறோம். உள்ளே இருப்பது ‘மறை’ என்ற கணக்கு, அதாவது 1 என்றால் பொருள் தெரியாது. முதல் நாள் எல்லோரும் தலைகீழாகப் போடுவார்கள்.

இந்த வழியில் நிழலும் பிரதிபலிப்பும் பொருளோடு போய்விடும், இடைநிலை என்று எதுவும் கிடையாது. குறை, அதோடு இணைத்துவைத்த பிள்ளைப் பொருள்கள் தங்கிவிடுவது. டம்ளரை மறைத்தோம், அதன் பிள்ளையாக இருந்த நுரை மட்டும் அந்தரத்தில் நின்றது. மாயா என்ற இன்னொரு 3டி மென்பொருளில் பெற்றோரை மறைத்தால் பிள்ளைகளும் மறையும். அங்கிருந்து வருகிறவர்கள் இங்கே தடுமாறுவது இதனால்தான்.

இரண்டாவது, ஸ்கேலை (பொருளின் அளவை) பூஜ்யமாக்குவது. இதில் நுரையும் சேர்ந்தே சுருங்கிவிடும். ஆனால் ஸ்கேல் கீ வழக்கமாக வளைகோட்டில் ஓடும், டம்ளர் பலூன் மாதிரி ஊதி வரும். அந்தக் கோட்டைக் காட்டும் கிராஃப் எடிட்டரில் ‘டி’ (T) தட்டி, சட்டென்று மாறும் ‘கான்ஸ்டன்ட்’ ஆக்கவேண்டும். அப்போதும் மோஷன் பிளர் (அசைவின் மங்கல்) இருந்தால் வம்பு. பிளெண்டரின் ரெண்டர் எஞ்சினான சைக்கிள்ஸில் ஷட்டர் வழக்கமாக 0.5 ஃபிரேம் நேரம், ஃபிரேமை நடுவில் வைத்துத் திறக்கும். 49ஆம் ஃபிரேமுக்கு 48.75 முதல் 49.25 வரை பார்க்கும். கீ சரியாக 49இல் இருந்தால், அந்த ஒரு ஃபிரேமில் டம்ளர் புள்ளியிலிருந்து முழு அளவுக்கு இழுபட்டுத் தெரியும். கீயை 48.5இல் வையுங்கள், தொல்லை தீர்ந்தது. முளைப்பதுபோல் வரவேண்டிய பூ, எழுத்து போன்றவற்றுக்கு இந்த வழி அருமை. டம்ளருக்கு வேண்டாம்.

மூன்றாவது ஆல்ஃபா, அதாவது பொருளின் ஒளிபுகும் தன்மையை மாற்றுவது. மெல்லக் கரையவேண்டும் என்றால் எல்லோர் கையும் முதலில் இங்கேதான் போகும். பாதி கரைந்ததும் டம்ளரின் பின்சுவர், உள்சுவர், காபி எல்லாம் எக்ஸ்ரே போலத் தெரியும். அதற்குமேல், சைக்கிள்ஸில் ஒளிபுகும் பரப்புகளுக்கான பவுன்ஸ் (ஒளிக்கதிர் கடக்கக்கூடிய பரப்புகளின் எண்ணிக்கை) வழக்கமாக 8தான். அதற்கும் அதிகமான பரப்புகள் அடுக்கானால் கருந்திட்டு விழும். முழுக்க மறைந்த பிறகும் பொருள் காட்சியில்தான் இருக்கிறது, ரெண்டர் நேரத்தையும் தின்கிறது. நான் என்றால், கரையும் ஃபிரேம்களை மட்டும் டம்ளரோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை ரெண்டர் எடுத்து, படங்களை ஒன்றுசேர்க்கும் கம்போசிட்டரில் ஒன்றின்மேல் ஒன்றைக் கரைப்பேன். நிழலும் சேர்ந்தே மங்கும், எக்ஸ்ரேயும் இல்லை. 12 ஃபிரேமுக்கு இரட்டிப்பு ரெண்டர் ஒன்றும் பெரிய செலவில்லை.

நான்காவது, பொருளைக் கேமராவுக்கு வெளியே தள்ளிவிடுவது. அவசரத்துக்கு நானும் செய்திருக்கிறேன். ஆனால் இங்கே பக்கத்தில் இருப்பது எவர்சில்வர் டபரா. மேசைக்கு அடியில் ஒளித்தால் தப்பலாம், பக்கவாட்டில் தள்ளினால் டம்ளர் டபராவின் விளிம்பில் பிரதிபலிப்பாக வந்து நிற்கும்.