பச்சை சன்லைட் கட்டியும் அதைக் கொண்டுவந்த லீவரும்: டர்பன் வீடுகளுக்கு ஒரு மதிப்புரை

காவடி முடிந்த மறுநாள், மஞ்சள்தண்ணீர் பட்ட வெள்ளை வேட்டியும் நல்லெண்ணெய் சொட்டிய சேலைத் தலைப்பும் தொட்டியில் கிடக்கும்போது கையில் எடுக்க வேண்டியது பச்சை சன்லைட் சோப்புக் கட்டிதான். பருத்தித் துணியில் ஏறிய எண்ணெய், கழுத்துப்பட்டை அழுக்கு, குழம்புக் கறை ஆகியவற்றுக்கு இந்த விலையில் இதைவிட நல்லது கிடைப்பது கடினம். பட்டுக்கும் கம்பளிக்கும் வேண்டாம். வாஷிங் மெஷினுக்கும் இது ஏற்றதல்ல.

மஞ்சள் கறையில்தான் பலர் பயந்துவிடுகிறார்கள். சோப்பு பட்டவுடன் கறை செக்கச்செவேலென்று ஆகும். துணி கெட்டுப்போனதென்று ப்ளீச்சை ஊற்றுவார்கள். துணிக்கு ஒன்றும் ஆகவில்லை. சோப்பு காரத்தன்மை உள்ளது. மஞ்சளில் இருக்கும் குர்குமின் காரம் பட்டால் சிவக்கும், காரம் அகன்றால் மறுபடி மஞ்சளாகும். ஒட்டியிருக்கும் குழம்பை முதலில் கரண்டி முனையால் வழித்தெடுங்கள். பச்சைத் தண்ணீரில் நனைத்து, கட்டியைக் கறைமேல் நேராகத் தேய்த்து, கால் மணி நேரம் விட்டுக் கசக்குங்கள். மூன்று தண்ணீர் அலசிவிட்டு, கடைசி வாளியில் ஐந்து லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் சேருங்கள். மிச்சமிருக்கும் மஞ்சளை வெயில் பார்த்துக்கொள்ளும்: ஈரத்தோடு கறைப்பக்கம் மேலாக விரித்துப் போட்டால் வெளிச்சம் பட்டே வெளுக்கும். வினிகரையும் ஜிக் போன்ற ப்ளீச்சையும் ஒரே வாளியில் கலக்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும். கறை முழுதும் போகுமுன் அயர்ன் வைக்காதீர்கள். சூட்டில் எண்ணெய் நூலோடு இறுகிவிடும்.

இந்தக் கட்டி பச்சைத் தண்ணீரிலும் சட்டென்று நுரைக்கும் சோப்பாகப் பெயர் வாங்கியதற்கு ஒரு மளிகைக்கடைக்காரர் மகன் காரணம். வில்லியம் லீவர் 1851-ல் இங்கிலாந்தின் போல்ட்டன் நகரில் பிறந்தவர். அப்போது சோப்பு நீளப் பாளமாகக் கடைக்கு வரும், கேட்ட எடைக்கு வெட்டிக் கொடுப்பார்கள். லீவர் அதை அளவாக வெட்டி, தாளில் சுற்றி, பெயர் போட்டு விற்றார். சன்லைட் என்ற பெயரை 1884-ல் பதிவு செய்தார். மறு ஆண்டு வாரிங்டனில் ஓர் ஆலையைக் குத்தகைக்கு எடுத்துத் தாமே காய்ச்சத் தொடங்கினார். கலவையில் கொப்பரை எண்ணெய் அல்லது எண்ணெய்ப்பனைக் கொட்டை எண்ணெய் மட்டும் ஏறத்தாழ 42 சதவீதம். அந்த நுரை இதிலிருந்து வந்தது. மீதி விலங்குக் கொழுப்பு, பருத்திக்கொட்டை எண்ணெய், கொஞ்சம் பிசின்.

அந்த விலங்குக் கொழுப்பு பூஜைத் துணி துவைக்கும் வீடுகளுக்குச் சின்ன விஷயம் அல்ல. எந்தப் பார் சோப்பானாலும் உறையின் பின்பக்கம் படியுங்கள். சோடியம் டாலோவேட் என்றிருந்தால் மாட்டுக் கொழுப்போ ஆட்டுக் கொழுப்போ உண்டு. சோடியம் பால்மேட், சோடியம் பாம் கெர்னலேட், சோடியம் கோகோவேட் மூன்றும் பனை, தேங்காய் வகை. கலவை மாறக்கூடியது, ஆகையால் ஒருமுறை பார்த்ததோடு விடாமல் வாங்கும்போதெல்லாம் பாருங்கள்.

லீவரைக் கொடையாளர் என்று சொல்வதில் பொய்யில்லை. 1888-ல் லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் போர்ட் சன்லைட் என்ற ஊரையே தொழிலாளர்களுக்காகக் கட்டத் தொடங்கினார். தோட்டத்தோடு நூற்றுக்கணக்கான வீடுகள், பள்ளிக்கூடம், மருத்துவமனை. மறைந்த மனைவியின் பெயரில் 1922-ல் திறந்த ஒரு கலைக்கூடம். ஆறு மணி நேர வேலைநாள் வேண்டும் என்று வாதாடிய முதலாளி அவர். ஆனால் லாபத்தில் பங்கைக் கையில் கொடுக்க மனம் வரவில்லை. விஸ்கியிலும் இனிப்பிலும் கரைத்துவிடுவீர்கள், வீடாகத் தருகிறேன் என்பது அவர் வாதம். 1909-ல்தான் பங்குத் திட்டம் வந்தது. வேலை போனால் வீடும் போகும். நேட்டால் கரும்புத் தோட்டத்துக் கூலி வரிசை வீடுகளான பாரக்ஸ் வழி வந்த குடும்பங்களுக்கு இந்தப் பிடி எப்படிப்பட்டதென்று விளக்க வேண்டியதில்லை. போர்ட் சன்லைட் வீடு பாரக்ஸைவிட எவ்வளவோ மேல். சாவி முதலாளி கையில் இருந்தது மட்டும் ஒன்றுதான்.

இன்னும் கனமான கணக்கு காங்கோவில் இருக்கிறது. சோப்புக்கான பனை எண்ணெய்க்காக, அப்போது காங்கோவை ஆண்ட பெல்ஜிய அரசோடு 1911-ல் லீவர் ஒப்பந்தம் போட்டார். 7,50,000 ஹெக்டேர் வரை நிலம். அங்கே பழக்குலை வெட்டியவர்கள் பலர் காலனி அரசின் நெருக்கடியில், விருப்பமில்லாமல் வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்கள். லீவர் 1925-ல் இறந்தார்; 1931-ல் அந்தப் பகுதிப் பெண்டே மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். போர்ட் சன்லைட்டைப் புகழ்கிற எவரும் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நமக்கும் இது தூரத்துக் கதை அல்ல, லீவர் கம்பெனி இங்கே டர்பன் துறைமுகத்து மேடன் வார்ஃபிலேயே சோப்பு ஆலை வைத்தது.

கட்டியின் குறைகளுக்கு வருவோம். குழாய்த் தண்ணீரில் தொல்லை குறைவு. போர் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகமிருந்தால் சோப்பு அதோடு சேர்ந்து பிசுபிசுப்பான படிவாகும். நாலைந்து சலவையில் வெள்ளைத் துணி சாம்பல் நிறமாகிவிடும். வாளித் தண்ணீரில் சோப்புக்கு முன்பே ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா கரைத்தால் இது பெரும்பாலும் தீரும். துருவி மெஷினில் போடுகிறவர்களுக்கு நுரை பொங்கி மெஷின் நடுவிலேயே நிற்கும், குளிர்ந்த தண்ணீரில் கரையாத துண்டுகள் துணியில் ஒட்டும். காஞ்சிப் பட்டின் பளபளப்பைக் காரம் தின்றுவிடும். குத்துவிளக்கில் எண்ணெய்ப் பிசுக்குப் போகும், பித்தளைக் கறுப்பு போகாது. அதற்குப் புளிதான், புளி தேய்த்தபின் எஞ்சும் புளிப்பை எடுக்க இந்தச் சோப்பு போதும்.

வாங்கியவுடன் உறையைப் பிரித்து, இன்னும் மென்மையாக இருக்கும்போதே கைக்கு அடங்கும் துண்டுகளாக வெட்டிவிடுங்கள். காய்ந்தபின் வெட்டினால் உதிரும். துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாதபடி, காற்றுப் படும் அலமாரியில், வெயில் படாமல் மூன்று நான்கு வாரம் அடுக்கி வையுங்கள். ஈரம் வற்றி இறுகிய துண்டு மெதுவாகத்தான் கரையும். பயன்படுத்தும் துண்டை ஓட்டை உள்ள தட்டில் வையுங்கள். தண்ணீர் தேங்கும் கிண்ணத்தில் வைத்தால் பாதிச் சோப்பு கூழாகிப் போய்விடும்.